திருப்பாவையில் பனிக்கால வைகறையும் ஊர் வரலாறும்

இலக்கியத்தை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளும் முறை தமிழாராய்ச்சியில் நன்கு வேரூன்றியது. சங்கச் செய்யுட்களைக் கொண்டு வேந்தர் வரிசையும் போர்க்களமும் கடல் வாணிகமும் பலராலும் ஆராயப்பட்டன. ஆயின் ஓர் ஊரில் விடியற்காலையில் மாடு எப்பொழுது அவிழ்க்கப்பட்டது, தயிர் எப்பொழுது கடையப்பட்டது, வீட்டின் பின்புறத்தில் என்ன இருந்தது என்பன போன்ற செய்திகள் வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. அரசன் பெயர் வரும் அடியை வரலாறு என்றும், பால் சொரியும் எருமை வரும் அடியை வருணனை என்றும் கொள்ளும் ஒரு பாகுபாடு, எவரும் வகுத்துரையாமலே, நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. அது பொருந்துமா என்பதைத் திருப்பாவையைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருப்பாவை முப்பது பாட்டுக்களால் ஆயது. மார்கழி மாதத்து வைகறையில் ஆயர் மகளிர் ஒருவரையொருவர் துயிலெழுப்பி, நந்தகோபன் மாளிகை சென்று கண்ணனை எழுப்பிப் பறை வேண்டும் செய்தியைக் கூறுவது. இறுதிப் பாட்டு நூலாசிரியரின் ஊர் புதுவை என்றும், தந்தை பட்டர்பிரான் என்றும், பெயர் கோதை என்றும் அறிவிக்கின்றது. புதுவையாவது திருவில்லிபுத்தூர். ஆகவே நூலின் களம் ஆயர்பாடி; நூல் பிறந்த களம் பாண்டி நாட்டுச் சிற்றூர். இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினாவிற்கு இருவகை விடைகள் வழங்குகின்றன.

வைணவ மரபு, கோதை தன் ஊரையே ஆயர்பாடியாகவும், ஊர்ப் பெண்களை ஆய்ச்சியராகவும், வடபெருங்கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும், அங்குப் பள்ளிகொண்ட பெருமானைக் கண்ணனாகவும் பாவித்தாள் எனக் கூறும். இது முதல் விடையின் வேர். இதனைப் பற்றிக்கொண்டு ஊர் வரலாறு எழுதுவோர், நூலிற் கண்ட யாவும் திருவில்லிபுத்தூரே என்பர். மற்றொரு சாரார், திருப்பாவை உட்பொருள் நூலாதலின் அதன் எருமையும் குளமும் குறியீடுகளேயன்றி வேறல்ல என்பர். முன்னையது அனைத்தையும் வரலாறாக்கும். பின்னையது எதனையும் வரலாறாகக் கொள்ளாது. இரண்டும் நூலின் பகுதிகளைத் தனித்தனியே எடை போடாமல் எய்திய முடிவுகள் என்பது எம் கருத்து.

1. திணையும் பொழுதும்

முதற்கண் இலக்கண மரபை நோக்குவோம். தொல்காப்பிய நெறிப்படி ஆயர்க்குரிய நிலம் முல்லை, அதற்குரிய பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. மார்கழியும் தையுமாகிய முன்பனிப் பருவம் குறிஞ்சிக்கு உரியதாகக் கூறப்பட்டது. வைகறையோ மருதத்திற்கு உரியது. திருப்பாவையில் முல்லை மக்கள், குறிஞ்சியின் பருவத்தில், மருதத்தின் பொழுதில் இயங்குகின்றனர். எனவே இந்நூலின் காலப் பின்னணியை அகத்திணை மரபு தந்ததென்று கூற இயலாது.

அது நோன்பு மரபு தந்தது. பரிபாடலின் பதினோராம் பாடல், மழை ஓய்ந்த பனிப் பருவத்தில் கன்னியர் வையையில் ஆடும் அம்பாவாடலைக் கூறுகின்றது. மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் இருபது பாட்டுக்களில் இந்நோன்பையே பாடுகின்றது. ஆகவே பனிக்காலத்து விடியலில் பெண்கள் கூடி நீராடச் செல்லுதல் என்னும் சட்டகம் கோதைக்கு முன்னரே இந்நாட்டில் இருந்தது. அச்சட்டகத்துள் அவர் எவற்றை வைத்தார் என்பதே ஆராயத்தக்கது.

2. ஒலியால் அறியப்படும் விடியல்

பனிக்காலத்தைப் பாடிய புலவர் பலர். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் குளிர் கண்ணாற் காணத்தக்கது. வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டு நிலத்திற்குப் பெயர்ந்த கோவலர் கைகளை நெருப்பிற் காய்ச்சுகின்றனர். விலங்கும் பறவையும் ஒடுங்குகின்றன. கதிரவன் தோன்றாமையால், பூ மலர்ந்த மணங்கொண்டு மாலை வந்ததென மனைமகளிர் அறிகின்றனர்.

திருப்பாவையில் குளிரைப் பற்றிய நேர்மொழிகள் மிகச் சில. பனி தலைமேல் விழ வாயிலில் நிற்பதாக ஒரு பாட்டிலும், குளிரக் குளிர நீரில் மூழ்குதல் பற்றி அடுத்த பாட்டிலும் குறிப்பு வருகின்றது. எனினும் நூலைக் கற்பார்க்குப் பனிக்காலத்து இருள் நீங்காத விடியல் முழுமையாகத் தோன்றுகின்றது. இதற்குக் காரணம் ஒலிகளின் அமைப்பு. ஆறு முதல் பதினைந்து முடியவுள்ள பத்துப் பாட்டுக்கள் துயிலெழுப்புவன. அவற்றுள் பறவைகள் ஒலிக்கின்றன. கோயிற் சங்கு முழங்குகின்றது. ஆனைச்சாத்தன் பறவைகள் தம்முள் பேசுகின்றன. ஆய்ச்சியர் மத்தினால் தயிர் கடையும் ஓசையும் அவர்தம் அணிகலன் ஓசையும் உடன் கேட்கின்றன. எருமை கன்றை நினைந்து கதறுகின்றது. காட்சியாக வருவன கிழக்கு வெளுத்தலும், மாடு பரத்தலும், மலர் விரிதலும், துறவியர் செல்லுதலும் போன்ற சிலவே.

நீண்ட இரவையுடைய பருவத்தில், கதவு அடைத்த வீட்டினுள் படுத்திருப்பவர் விடியலைக் காதாலேயே அறிவர். கோதை தெருவில் நின்று பாடினாலும், பாட்டின் செவி வீட்டினுள் துயில்பவளுடைய செவியாக இருக்கின்றது. கண்ணன் கதைகளில் தயிர் கடைதல் வெண்ணெய் களவுக்குப் பின்புலமாக வரும். இங்கே அது நேரம் அறிவிக்கும் ஓசையாக வருகின்றது. கதைப்பொருள் ஒன்று அன்றாடப் பொருளாக மாறும் இடம் இது.

3. மூன்று வகைச் செய்திகள்

நூலில் வரும் செய்திகளை மூவகையாகப் பிரித்தல் வேண்டும். முதலாவது வகை, கண்ணன் கதையிலிருந்து வந்தவை. யமுனை, வடமதுரை, நந்தகோபன், யசோதை முதலிய பெயர்களும் அவற்றைச் சார்ந்த நிகழ்ச்சிகளும் இவ்வகையின. பட்டர்பிரானாகிய பெரியாழ்வார் தம் திருமொழியில் ஆயர்பாடியை விரிவாகப் பாடியிருத்தலின், மகளார்க்கு அவ்வாயர்பாடி தந்தையின் பாட்டு வழியாகவும் கிடைத்தது. இவற்றை ஊர்ச் சான்றாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது வகை, நோன்புப் பாட்டிற்கும் துயிலெழுப்பும் பாட்டிற்கும் பொதுவானவை. பறவை ஒலியும் சங்கொலியும் திருவெம்பாவையிலும் வருவன. ஆயர்பாடியில் கண்ணன் சிறுவனாக வாழும் காலத்தில் அவனுக்குக் கோயிலும் கோயிற் சங்கும் இருத்தல் கதைக்கு ஒவ்வாது. ஆகலின் சங்கொலி, கதையின் திரை விலகிக் கோயிலூர் ஒன்று தோன்றும் இடம் எனச் சிலர் கொள்வர். அது மெய்யே. ஆயின் அது கோயிலூர் எதற்கும் பொருந்தும், திருவில்லிபுத்தூர்க்கே உரியதாகாது. செங்கல் நிற ஆடை உடுத்த துறவியர் தம் கோயிலுக்குச் செல்வதாக வரும் செய்தியும் அத்தகையதே. கதையினின்று விலகியமையால் சான்றாகின்றது; பொதுமையால் வலி குறைந்த சான்றாகின்றது.

மூன்றாவது வகை, கதையாலும் நோன்பு மரபாலும் விளக்க முடியாதவை. இவை சிலவே, ஆயினும் உறுதியானவை.

எருமைகள் அவற்றுள் முதலாவன. கண்ணன் கதையின் முதன்மையான செல்வம் பசு. எருமை மேய்க்கும் ஆயரைத் தனிப்பிரிவினராகக் காட்டுவது கலித்தொகையின் முல்லைக்கலி. ஆகவே திருப்பாவையின் எருமை தமிழ்நாட்டு ஆயர் வாழ்விலிருந்து வந்தது. அதனினும் நுட்பமானது, கறத்தற்கு முன் விடியலில் எருமைகளைச் சிறுபொழுது பனிப்புல் மேயவிடும் வழக்கம். இதனைச் சிறுவீடு என்னும் சொல்லால் நூல் குறிக்கின்றது. அரிய இச்சொல் தொழில் செய்வார் வாயிலிருந்தே பாட்டிற்குள் வந்திருத்தல் வேண்டும். மேலும் ஒரு பாட்டில், கறவாமல் விடப்பட்ட எருமை கன்றை எண்ணித் தானே பால் சொரிய, வீடு சேறாகின்றது. மேலே பனி, கீழே பாற்சேறு, இடையே வாயிலைப் பற்றி நிற்கும் பெண்கள். மாட்டுத் தொழுவத்தை அடுத்து வாழாதார்க்கு இக்காட்சி எளிதில் தோன்றாது.

அடுத்தது நெல். நோன்பு நோற்றால் திங்கள் மும்மாரி பெய்யும், நெல் ஓங்கி வளரும், அதனிடையே மீன் துள்ளும் என மூன்றாம் பாட்டுக் கூறுகின்றது. இது வேண்டுதலாதலின் நிகழ்ச்சிச் சான்று அன்று. எனினும் வேண்டப்படுவது யாது என்பது வேண்டுவாரின் நிலத்தைக் காட்டும். யமுனைக் கரையில் மழைக்கால நெல் கார்த்திகைக்குள் பெரும்பாலும் அறுவடையாகிவிடும். மார்கழியில் ஓங்கிய நெல்லை நினைத்தற்கு வடகிழக்குப் பருவமழையை நம்பிய தமிழ் நிலமே ஏற்றது. திருவில்லிபுத்தூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தவை. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மலை பெரிதும் தடுத்துவிட, ஐப்பசி கார்த்திகை மழையால் கண்மாய் நிரம்பினாலன்றி இங்கு நெல் விளைவு அரிது. மார்கழி பிறக்குங்கால் அம்மழை ஓயத் தொடங்கும். கண்மாயில் நின்ற நீரே ஆண்டின் விளைவைத் தீர்மானிக்கும். அளவாக, கரை உடையாமல் பெய்யும் மழையை அப்பருவத்தில் வேண்டுதல் வெறும் மங்கல வாழ்த்தன்று.

மூன்றாவது, வீட்டின் பின்புறமாகிய புழைக்கடையில் அமைந்த குளம். அதில் செங்கழுநீர் விரிய, ஆம்பல் கூம்புவதைக் காட்டி விடியலை மெய்ப்பிக்கின்றனர் தோழியர். அரண்மனைப் பொய்கையும் ஆற்றுத்துறையும் இலக்கியத்தில் மிகுதி. வீட்டுப் புழைக்கடைக் குளம் அத்துணை மிகுதியன்று. புழைக்கடை என்னும் சொல் தென் மாவட்டப் பேச்சில் புழக்கடை எனத் திரிந்து இன்றும் வழங்குகின்றது.

4. வானும் புழைக்கடையும்

இனித் திருப்பாவையை வரலாற்றுக்குப் பயன்படுத்தியோர் பெரிதும் நாடிய பகுதியைக் காண்போம். வெள்ளிக் கோள் எழ வியாழன் மறைந்ததாகப் பதின்மூன்றாம் பாட்டுக் கூறுகின்றது. முதற்பாட்டு மார்கழி மாதத்து முழுமதி நாளைச் சுட்டுகின்றது. இவ்விரண்டையும் இணைத்து, 'ஆழ்வார்கள் காலநிலை' எழுதிய மு. இராகவையங்கார் இந்நிகழ்ச்சி கி.பி. 731ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாளுக்குப் பொருந்தும் எனக் கொண்டார். குருபரம்பரை நூல்கள் பெரியாழ்வாரை வல்லபதேவன் என்னும் பாண்டியனோடு தொடர்புறுத்தும். அவனைச் சீமாறன் சீவல்லபனாகக் கொள்வோர் ஒன்பதாம் நூற்றாண்டைக் கூறுவர். இராகவையங்காரின் முயற்சி பெருமதிப்பிற்குரியது. இலக்கியத்தின் ஓர் அடியை வானியலால் சோதிக்கலாம் என்னும் துணிவை நமக்குத் தந்தவர் அவர். எனினும் அக்கணிப்பு ஆய்வின் கருதுகோளாக நில்லாமல், விழா மலர்களில் ஐயமற்ற ஆண்டாக வழங்கும்பொழுது சில தடைகளை எழுப்புதல் கடமையாகின்றது.

முதல் தடை, ஒருதலைத் தேர்வு. அதே நூலில் வரும் யமுனையைப் புனைவு என்று விடுத்து, கோள்களை மட்டும் கண்டெழுதிய குறிப்பு என்று கொள்ளுதற்கு நூலில் அகச்சான்று இல்லை. இரண்டாவது, முதற்பாட்டின் முழுமதியும் பதின்மூன்றாம் பாட்டின் கோள்நிலையும் ஒரே நாளுக்கு உரியன என்பது கொள்கையேயன்றி நூலில் கூறப்பட்டதன்று. மூன்றாவது, நிலத்தின் அமைப்பு. திருவில்லிபுத்தூர்க்கு மேற்கே தொடர்மலை உயர்ந்து நிற்கின்றது. அங்கிருந்து காண்பார்க்கு மேற்கில் இறங்கும் கோள், சமநிலத்து அடிவானத்தில் மறைவதற்கு முன்னரே மலையின் பின் மறைந்துவிடும். ஊர்க் காட்சி என்று கொண்டால் இம்மலையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். சேர்த்தால் பொருந்தும் நாட்கள் பெருகும்.

இத்தடைகளினும் வலியதொன்று நூலின் பழைய உரைகளில் உள்ளது. பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படியும் அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆறாயிரப்படியும் போன்ற உரைகளின் மரபு, இத்துயிலெழுப்பும் பாட்டுக்களை எழுப்புவார்க்கும் துயில்வார்க்கும் இடையே நிகழும் வழக்காடலாக விரிக்கின்றது. கிழக்கு வெளுத்ததென்று தோழியர் கூற, அது உங்கள் முகங்களின் ஒளியே என்கின்றாள் உள்ளிருப்பவள். எருமைகள் பரந்தன என்றால், அவ்வொளிக்கு அஞ்சிச் சிதறும் இருளே எருமைபோல் தோன்றுகின்றது என்கின்றாள். மலர் விரிந்தது என்றால், நீங்களே கையால் விரித்திருப்பீர் என்கின்றாள். அவள் மறுக்க இயலாதபடி தோழியர் காட்டுவது அவள் வீட்டுப் புழைக்கடைக் குளத்தையே.

இவ்வழக்காடலின் சமயப் பொருள் வேறு. ஆயினும் சான்றின் தன்மை பற்றிய நுண்ணுணர்வு இதனுள் இருக்கின்றது. வானத்துச் சான்று எல்லார்க்கும் பொதுவாதலின் மாற்றுரைக்கு இடம் தருகின்றது. வீட்டுச் சான்று கேட்பவளின் அன்றாட அறிவைத் தொடுகின்றது. நம் காலத்து ஆராய்ச்சியாளர் வெள்ளியையும் வியாழனையும் நாடிச் சென்று புழைக்கடையைக் காணாது விட்டனர். உரை மரபு சென்ற வரிசையில் நாமும் சென்றிருப்பின், ஓர் ஆண்டெண் கிடைக்காவிடினும் ஓர் ஊரின் வாழ்வு கிடைத்திருக்கும்.

5. இன்றைய வழக்கும் பண்டைய சான்றும்

மற்றொரு மயக்கமும் நீக்கத்தக்கது. திருவில்லிபுத்தூரில் மார்கழி நீராட்டு விழா ஆண்டுதோறும் நிகழ்கின்றது. ஆண்டாள் திருமுக்குளக் கரை மண்டபத்திற்கு எழுந்தருள, எண்ணெய்க்காப்பு நடைபெறுகின்றது. பகற்பத்தின் தொடக்கத்தில் பெரியாழ்வார் வழியினர் இல்லத்தில் காய்கறிகளைப் பரப்பி வைக்கும் பச்சை பரத்தல் என்னும் சடங்கும் உண்டு. இவற்றைக் கண்டு, கோதை காலத்து நோன்பும் இவ்வாறே இருந்தது என முடிவு செய்தல் முறையன்று. பாட்டிலிருந்து விழா வளர்ந்திருக்கலாம். விழாவைக் கொண்டு பாட்டின் காலத்தை வரைதல் ஆகாது.

ஒப்புமைக்குச் சுவீடன் நாட்டுப் பனிக்கால வழக்கமொன்றைக் கருதலாம். அங்கு டிசம்பர் 13ஆம் நாள் லூசியா விழா. வெண்ணிற ஆடை உடுத்த பெண்கள் மெழுகுவத்தி ஏந்தி, விடியலின் இருளில் பாடிக்கொண்டு வருவர். பழைய நாட்காட்டிப்படி அவ்விரவே ஆண்டின் மிக நீண்ட இரவாக எண்ணப்பட்டது. பனிக்கட்டி மூடிய அந்நாட்டுச் சிற்றூர்க்கும், பனித்துளியும் மூடுபனியுமன்றி வேறறியாத நம் சிற்றூர்க்கும் தொடர்பு இல்லை. நீண்ட இரவின் முடிவில் பெண்கள் பாடிச் செல்லுதல் ஒன்றே பொது. அங்கும் இவ்விரவு பற்றிய நம்பிக்கைகள் பழமையானவை. ஆயின் இன்று காணும் ஊர்வல வடிவம் நாடெங்கும் பரவியது இருபதாம் நூற்றாண்டில். 1927இல் ஸ்டாக்ஹோமில் ஒரு செய்தித்தாள் நடத்திய லூசியா தேர்வு அப்பரவலுக்குத் துணைசெய்தது. பழமை என்று தோன்றும் வடிவம் அண்மைக் காலத்ததாகலாம் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இவ்வெச்சரிக்கை ஊர்ப்பெயர்க்கும் பொருந்தும். திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் கிருஷ்ணன்கோவில் என்னும் ஊர் உள்ளது. அப்பெயர் கண்ணன் வழிபாட்டைக் காட்டுகின்றது. அவ்வழிபாடு கோதை காலத்தது என்பதைக் காட்டவில்லை. கிழக்கே மல்லி என்னும் ஊர் உள்ளது. நாச்சியார் திருமொழியின் தனியன் கோதையை மல்லிநாட்டோடு தொடர்புறுத்துகின்றது. மல்லி என்னும் அரசியின் மக்களாகிய வில்லி, கண்டன் என்னும் வேடர் காடு திருத்திய கதையையும் தலவரலாறு கூறும். கதை எக்காலத்தது ஆயினும், புதுவை, புத்தூர் என்னும் பெயர்கள் புதிதாக அமைந்த குடியிருப்பு என்னும் நினைவைத் தாங்குகின்றன. மலையடிக் காட்டின் விளிம்பில், மேய்ச்சலும் உழவும் அடுத்தடுத்து நிகழ்ந்த புத்தூர் ஒன்றை மேற்கூறிய மூன்றாம் வகைச் செய்திகளும் சுட்டுகின்றன. பெயரும் பாட்டும் ஒன்றற்கொன்று துணையாவது இந்த அளவில்தான்.

அவ்வாறே, திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றமையைக் கொண்டு, திருப்பாவையின் எருமையிலிருந்து இன்றைய கடைவீதி வரை நேர்கோடு வரைதலும் வேண்டா. பாலும் மேய்ச்சல் நிலமும் இப்பகுதியில் நெடுங்காலமாக உள்ளன என்பதற்கு மேல் அது எதையும் மெய்ப்பிக்காது.

6. எஞ்சுவது

இவ்வாறு கழிப்பன கழித்தபின் எஞ்சுவது யாது? ஓர் ஆண்டெண் எஞ்சவில்லை. அரசன் பெயரும் எஞ்சவில்லை. பனிக்காலத்து விடியலுக்கு முன் தொழில் தொடங்கிய ஓர் ஊர் எஞ்சுகின்றது. அங்கே எருமைகள் கறவைக்கு முன் மேயவிடப்பட்டன. பெண்கள் இருளிலேயே மத்தினை எடுத்தனர். வீட்டின் பின்னே குளம் இருந்தது. கோயிலுக்குச் செல்வார் தெருவிற் கடந்தனர். மழை ஓயும் பருவத்தில் நெல்லை எண்ணி மக்கள் நோன்பிருந்தனர். பட்டர் இல்லத்துப் பெண் ஒருத்தி, அவ்வாயர் வீடுகளின் ஓசைகளையும் தொழிற்சொல்லையும் அருகிருந்து அறிந்திருந்தாள். எந்நாளில் பிறந்தாள் என்பதினும் எவ்வோசைகளைக் கேட்டு விழித்தாள் என்பதை நூல் தெளிவாகச் சொல்கின்றது.

உட்பொருள் கொள்வார்க்கு இம்முடிவு தடையாகாது. எருமை ஆசிரியனுக்கோ கன்று மாணாக்கனுக்கோ குறியீடு என்று கொள்வதாயினும், குறியீடாவதற்கு முன் எருமை எருமையாக இருந்தாக வேண்டும். அப்பொருளின் உண்மையே குறிப்பின் உண்மைக்கு அடிநிலை.

செய்யத்தக்க பணி ஒன்று உளது. கிருஷ்ணன்கோவில், மல்லி, வத்திராயிருப்பு முதலிய அடிவார ஊர்களில் கால்நடை வளர்ப்போர், விடியற்பொழுதிற்கும் கறவைக்கும் மேய்ச்சலுக்கும் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் வேண்டும். சிறுவீடு என்னும் சொல்லோ அதன் திரிபோ எங்கேனும் வாழ்கின்றதா, புழக்கடைக் குளங்கள் எவ்வூர்களில் இருந்தன, ஆனைச்சாத்தன் என நூல் குறிக்கும் பறவைக்கு இன்று என்ன பெயர் என்பனவற்றை மார்கழி மாதத்தில், அவ்வூர்களின் வைகறையிலேயே சென்று கேட்டறிதல் வேண்டும். கால்நடையோடு பழகிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருதலின் இப்பணியைத் தாழ்த்தலாகாது. திருப்பாவைக்கும் ஊர் வரலாற்றுக்கும் ஒருங்கே உதவும் சான்றுகள் அவர்களிடத்தே உள்ளன.